பெரியம்மாவின் படங்குக் கயிறு

பெரியம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்க மலைக்குக் கிளம்பும்போது இடுப்பில் படங்கை, அந்தத் தடித்த தார்ப்பாயை, சுற்றி நீல நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார். வருசக்கணக்காக ஒரே இடத்தில் முடிச்சு விழுந்ததில் கயிறு அந்த இடத்தில் மட்டும் வெளுத்துப் பிசிறடித்துப் போயிருக்கும். 2018 தைப்பொங்கலுக்கு லீவில் வீட்டுக்குப் போயிருந்தேன். பொங்கல் முடிந்த இரண்டாம் நாள் காலை, பெரட்டுக்கு, அதாவது காலையில் பெயர் பதிந்து வேலை பிரிக்கிற இடத்துக்கு, போகிற அவசரத்தில் அவர் இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், நின்று கயிறு கட்டுவதை, தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிச்சு கயிற்றின் நுனிக்குப் போயிருந்தது. வெளுத்த இடம் நாலு விரல் தள்ளி வயிற்றின் மேல் கிடந்தது.

"என்னா பெரியம்மா, பொங்கச்சோறு வேல செய்யுதா?" என்று சிரித்தேன்.

சட்டைக் கையை ஏற்றிக் காட்டினார். தோளுக்குக் கீழே தோல் தொங்கியது. "வயிறு மட்டுந்தான்டி தடிக்கிது. கையி காலு எல்லாம் வத்திப்போச்சு. ரெண்டு வாய் சோறு தின்னா அடைச்சிக்கிது."

"கேஸ்டிரிக்கா இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடுங்க."

இதைச் சொன்ன நான் கண்டியில் ஒரு தனியார் லேப்பில் எம்.எல்.டி.யாக, இரத்தப் பரிசோதனைகள் செய்யும் ஆய்வுகூட ஊழியராக, வேலை செய்கிறவள். சூலகப் (ஓவரி) புற்றுநோய்க்கான சி.ஏ.-125 இரத்தப் பரிசோதனையை நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறேன். எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் அந்த அறிகுறிகள் இருக்கின்றன என்றுகூடச் சொல்வேன். ஆனால் இஸ்தோப்பில் நின்றவர் நோயாளி இல்லையே, பெரியம்மா.

தோட்டத்து மருந்துக் காம்பிராவிலும் (டிஸ்பென்சரியிலும்) கேஸ்டிரிக் என்றுதான் சொன்னார்கள். மூன்று தடவை போயிருக்கிறார், மூன்று தடவையும் வெள்ளைத் தண்ணி மருந்து. யாரும் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. இதை எழுதும்போது கோபம் வருகிறது. ஆனால் அவர்களைத் திட்டுவதற்கு முன்னால் நான் என்னைத் திட்டியாக வேண்டும், அது முடிகிற மாதிரி தெரியவில்லை.

சூலகப் புற்றுநோய்க்கு அறிகுறியே இல்லை என்று முன்பெல்லாம் சொல்வார்கள். அது சரியில்லை. 2007ல் அமெரிக்க மருத்துவர் பார்பரா கோஃப் குழுவினர் ஓர் அறிகுறிப் பட்டியலைக் கொடுத்தார்கள். வயிற்று உப்புசம், அடிவயிற்றிலோ வயிற்றிலோ வலி, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துபோவது. ஒரு வருசத்துக்குள் தொடங்கி, மாசத்தில் பன்னிரண்டு நாளுக்கு மேல் வந்தால் கவனி என்றார்கள். அடிக்கடி சிறுநீர் முட்டுவதையும் மருத்துவர்கள் இதோடு சேர்த்துக் கேட்பார்கள். எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இதில் ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே வேறு பெயர் இருக்கிறது. உப்புசம் என்றால் வாய்வு. வலி என்றால் சூடு. சாப்பிட முடியவில்லையா, மகனை நினைத்துக் கவலை. மூத்திரம் முட்டுவது பற்றிப் பேச்சே இல்லை. கொழுந்து மலையில் கக்கூசு ஏது? காலை ஏழரைக்கு அடக்கத் தொடங்கினால் பகல் கொழுந்து நிறுக்கிற நேரத்துக்குத்தான். அடக்கி அடக்கி எது நோய், எது பழக்கம் என்று உடம்புக்கே மறந்துவிடும்.

ஆனியில் பெரியம்மாவுக்கு ஏற்றம் ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கியது. நாளுக்கு 18 கிலோ கொழுந்து எடுக்க முடியாமல் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்தது. அரைப்பேர் விழுந்த பிறகுதான் வீட்டில் எல்லோரும் இது நோய் என்று ஒப்புக்கொண்டார்கள். நான் போய்க் கண்டிக்குக் கூட்டிவந்தேன். ஸ்கேனில் வயிறு நிறையத் தண்ணீர், இடப்பக்கமும் வலப்பக்கமும் கட்டி.

இரத்தத்தை நானே எடுத்தேன். கொழுந்துக் கறை ஏறி வெடித்த விரல்கள், நரம்பு மட்டும் சுலபமாகக் கிடைத்தது. மஞ்சள் மூடி டியூப். உறைவதற்கு அரை மணி நேரம் வைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே தெளிந்த சீரத்தை மெசினில் வைத்தேன். எங்கள் மெசினுக்குப் பதினெட்டு நிமிசம். பெரியம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, அங்கே சுவரில் இருந்த மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். 35க்குக் கீழே இருக்க வேண்டிய எண் 1,140 என்று வந்தது. லேபிளைப் பார்த்தேன். பெயர் சரி. மெசின் சரியா என்று பார்க்க, எண் தெரிந்த கன்ட்ரோல் சாம்பிளை ஓட்டிவிட்டு மறுபடியும் வைத்தேன். 1,128.

நல்ல எண் ஒன்று வரும் என்று எத்தனை தடவை வைப்பது?

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. பொங்கலுக்கே இரத்தம் எடுத்திருந்தால்? அதற்கும் ஒரு வருசம் முன்னால்? இரவு வேலையில் சாம்பிள் குறைவான நேரங்களில் ஒவ்வொரு ஆய்வாகப் படித்தேன். படித்ததில் ஆறுதலும் கிடைத்தது, ஆத்திரமும் கிடைத்தது.

சி.ஏ.-125 என்பது ஒரு புரதம். 1981ல் ராபர்ட் பாஸ்ட் என்ற மருத்துவரின் குழு அதைப் பிடிக்கும் ஆன்டிபாடியை உருவாக்கியது. சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க அது அருமையான சோதனை. ஆனால் கர்ப்பப்பைக் கட்டி இருந்தாலும் ஏறும், கர்ப்பப்பை உட்சுவர்த் திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருந்தாலும் ஏறும், மாதவிடாய் நாளிலும் ஏறும், வயிற்றில் காசநோய் இருந்தாலும் ஏறும். ஆரம்பக் கட்டப் புற்றுநோய் உள்ள பலருக்கு ஏறவே ஏறாது. இந்த ஒரு சோதனையோடு ஸ்கேனையும் சேர்த்து, நோயில்லாத பெண்களுக்கெல்லாம் வருசா வருசம் செய்தால் என்ன என்று அமெரிக்காவில் 78,000க்கு மேற்பட்ட பெண்களில் பார்த்தார்கள். 2011ல் முடிவு வந்தது. சாவு குறையவில்லை. 3,285 பேருக்கு நோய் இல்லாமலே "இருக்கலாம்" என்று வந்து, அவர்களில் 1,080 பேர் வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. அந்த ஆபரேசனில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குப் பெரிய சிக்கல்.

பிரித்தானியாவில் நடந்த ஆய்வு இதைவிடப் பெரியது. உஷா மேனன், இயன் ஜேக்கப்ஸ் ஆகியோர் நடத்தியது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள், 50 முதல் 74 வயது. அவர்களில் ஒரு பிரிவினருக்கு, ஒரே ஒரு எண்ணைப் பார்க்காமல், ஒவ்வொருத்தியின் எண்ணும் வருசத்துக்கு வருசம் எப்படி ஏறுகிறது என்று கணக்குப் போட்டார்கள். 2021ல் வந்த கடைசி முடிவு என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. சோதனையே செய்யாதவர்களோடு ஒப்பிட்டால், அந்தப் பிரிவில் முதல் கட்டத்திலேயே பிடிபட்டவர்கள் 47 சதவீதம் கூடினார்கள். நாலாம் கட்டத்தில் பிடிபட்டவர்கள் 25 சதவீதம் குறைந்தார்கள். இறந்தவர்கள் எண்ணிக்கை மட்டும் அப்படியே இருந்தது.

ஆக, பொங்கலுக்கு நான் இரத்தம் எடுத்திருந்தாலும் பெரியம்மா பிழைத்திருப்பார் என்று யாரும் சொல்ல முடியாது. கயிற்றில் முடிச்சு நகர்ந்த அன்றே வயிற்றில் தண்ணீர் கோர்த்திருக்கும், அதாவது நோய் ஏற்கெனவே பரவியிருக்கும். இது மன்னிப்பு மாதிரிதான். ஆனால் மன்னித்தது யார் என்று தெரியாத மன்னிப்பு.

ஆபரேசன் முடிந்து வந்த ரிப்போர்ட்டில் இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரி: வலப்பக்கக் குழாயின் விரல் போன்ற நுனியில்தான் நோயின் ஆரம்பப் புள்ளி. இரண்டாவது: இரண்டு குழாய்களும் முன்பே நடுவில் வெட்டிக் கட்டப்பட்டவை.

முதல் வரியை விளக்குகிறேன். சூலகப் புற்றுநோய் என்று நாம் பெயர் வைத்திருக்கிறோமே, அதில் அதிகம் பேரைக் கொல்லும் வகை (சீரஸ் கார்சினோமா) பெரும்பாலும் சூலகத்தில் தொடங்குவதில்லை. கர்ப்பப்பையிலிருந்து சூலகத்துக்குப் போகிற பலோப்பியன் குழாயின் நுனியில் தொடங்குகிறது. பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளக் குழாய். கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்து வரும் இடத்தில் அதன் துவாரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, மறுமுனையில் பூ மாதிரி விரிந்து சூலகத்தைத் தடவிக்கொண்டிருக்கும். 2000க்குப் பிறகு, பி.ஆர்.சி.ஏ. என்ற பரம்பரை மரபணுக் கோளாறு உள்ள பெண்களிடமிருந்து முன்கூட்டியே எடுத்த குழாய்களைப் பொடிப்பொடியாக வெட்டிப் பார்த்தபோதுதான் இது தெரிந்தது. அந்தப் பூவிதழில் உள்ள புள்ளி சூலகத்துக்குப் போய்க் கட்டியாவதற்குச் சராசரியாக ஆறரை வருசம் ஆகும் என்று 2017ல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆராய்ச்சியாளர்கள் மரபணு மாற்றங்களை எண்ணிக் கணக்கிட்டார்கள். ஆறரை வருசம்! இரத்தத்திலும் தெரியாது, ஸ்கேனிலும் தெரியாது. ஆனால் அந்த இடத்துத் திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தெரியும்.

அந்த இடத்தை எட்டிப் பார்ப்பதற்குத்தான் இப்போது கருவிகள் வருகின்றன. அரிசோனாவில் ஜெனிஃபர் பார்ட்டன் குழுவினர் செய்த ஃபலோப்போஸ்கோப், ஒரு மில்லிமீட்டருக்கும் ஒல்லியான கமரா. வயிற்றைக் கீறத் தேவையில்லை. யோனி வழியாகக் கர்ப்பப்பைக்குள் போய், அங்கிருந்து குழாய்க்குள் நுழைகிறது. ஒளியை அடித்து, திசு எப்படி ஒளிர்கிறது என்று பார்க்கிறது, மேல்தோலுக்கு அடியில் அடுக்கு அடுக்காகப் படம் எடுக்கிறது. மனிதர்களில் முதல் சோதனை, வேறு காரணத்துக்காகக் குழாயை எடுக்கவிருந்த பெண்களிடம்தான் நடந்தது. எப்படியும் வெளியே வரப்போகிற குழாய், சேதமானாலும் நட்டமில்லை. யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

இன்னொன்று சுர்பி சர்னா என்ற பெண் தொடங்கிய நிறுவனத்தின் கருவி. பதின்மூன்று வயதில் சூலகக் கட்டியால் அவதிப்பட்டவர் அவர். கையுறையின் விரலை உள்ளேயிருந்து வெளியே திருப்புவோமே, அந்த மாதிரி ஒரு குட்டி பலூன் குழாய்க்குள் விரிந்துகொண்டே போய், திரும்பி வரும்போது சுவரில் உள்ள கலங்களை ஒட்டிக்கொண்டு வரும். லேப்பில் இருக்கிறவளுக்கு இது எவ்வளவு பெரிய விசயம் என்று சொன்னால் புரியுமா தெரியவில்லை. கலம் கையில் கிடைத்தால் ஸ்லைடில் போட்டுப் பார்க்கலாம், எண்ணை வைத்துக்கொண்டு ஊகிக்க வேண்டியதில்லை. 2018ல் பொஸ்டன் சயன்டிஃபிக் என்ற மருத்துவக் கருவிக் கம்பனி அந்த நிறுவனத்தை 275 மில்லியன் டொலர் வரை கொடுக்க ஒப்புக்கொண்டு வாங்கியது. பெரியம்மாவின் வருசம் அது.

இன்னும் எளிய வழிகளும் உண்டு. குழாயிலிருந்து உதிரும் கலங்கள் கர்ப்பப்பை வழியாகக் கீழே இறங்கி வரும் அல்லவா, வரும் இடத்தில் பிடிப்பது. நம் நாட்டில் 1996லிருந்து நடக்கிற வெல் வுமன் கிளினிக்குகளில் பெண்களுக்குத் தூரிகையால் கலங்களை எடுத்துப் பெப் பரிசோதனை செய்திருக்கிறார்கள். அது கர்ப்பப்பைக் கழுத்துக்கானது, சூலகத்துக்கு இல்லை. "பெப் செஞ்சிட்டேன், எல்லாம் கிளியர்" என்று சொல்கிற அக்காமாரிடம் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஆனால் அதே தூரிகையில் வரும் சாம்பிளில் மரபணு மாற்றத்தைத் தேடினால்? 2018ல் வந்த பெப்சீக் ஆய்வில் சூலகப் புற்றுநோயாளிகளில் 33 சதவீதம் பேரிடம் கிடைத்தது. தூரிகையைக் கர்ப்பப்பைக்குள்ளேயே விட்டு எடுத்தபோது 45. பாதிகூட இல்லை. ஆனாலும் எனக்கு உற்சாகம் வந்தது. சாம்பிள் எடுக்க நம் மிட்வைஃப் மிஸ்மாருக்கே தெரியும், மிச்சம் லேப் வேலை.

அந்த உற்சாகம் ரிப்போர்ட்டின் இரண்டாவது வரியில் முட்டிக்கொண்டு நின்றது.

நடுவில் வெட்டிக் கட்டப்பட்டவை. எங்கள் பக்கம் இதற்கு எல்.ஆர்.டி. என்று பெயர். "எல்.ஆர்.டி. செஞ்சாச்சா?" என்று சந்தையில் வைத்துக்கூடக் கேட்பார்கள். 1980களில் அரசாங்கம் ஊக்கப் பணம் கொடுத்தது. தோட்டங்களில் லொறி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதை அம்மா தலைமுறை இன்றும் சொல்லும். பெண் கருத்தடை ஆபரேசன் நாட்டிலேயே தோட்டப்புறத்தில்தான் அதிகம் என்று கணக்கெடுப்புகளும் சொல்லும். யார் விரும்பிச் செய்தது, யாரைச் செய்யவைத்தது என்பதெல்லாம் தனியாக எழுத வேண்டிய கதை. பெரியம்மாவுக்கு 1988ல், கடைசிப் பிள்ளை பிறந்த கையோடு. தொப்புளுக்குக் கீழே சின்னக் கீறல். சிங்களத்தில் இருந்த தாளில் கைநாட்டு. 500 ரூபாயும் ஒரு சேலையும் கொடுத்தார்கள் என்பார். சேலையின் நிறம் ஞாபகம் இருந்தது, தாளில் என்ன இருந்தது என்று தெரியாது.

ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் சிங்கமலைச் சுரங்கம் இருக்கிறது. அதன் நடுவில் மண் சரிந்துவிட்டது என்று வையுங்கள். ஹட்டன் பக்கமிருந்து எவ்வளவு நல்ல எஞ்சின் வந்தாலும் கொட்டகலை போகாது. ஃபலோப்போஸ்கோப்புக்கும் அதே கதி, பலூனுக்கும் அதே கதி. அங்கிருந்து எதுவும் இங்கே வரவும் வராது. இது என் ஊகம் மட்டுமில்லை. 2014ல் அமெரிக்காவில், நோய் முற்றிய எட்டுப் பெண்களுக்கு யோனிக்குள் டம்பொன் என்ற பஞ்சை வைத்து எடுத்து, அதில் புற்றுநோயின் மரபணு இருக்கிறதா என்று பார்த்தார்கள். குழாய் முழுதாக இருந்த ஐந்து பேரில் மூன்று பேரிடம் கிடைத்தது. குழாயை வெட்டிக் கட்டியிருந்தவர்களிடம் ஒருவரிடம்கூடக் கிடைக்கவில்லை.

குழாயைக் கட்டியதால் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. கட்டிய பெண்களுக்குச் சூலகப் புற்றுநோய் வருவது ஓரளவு குறைவு என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அந்தப் பாதுகாப்பு மற்ற வகைகளில்தான் கூட, பெரியம்மாவுக்கு வந்த வகையில் கொஞ்சம்தான். நடுத்துண்டை வெட்டினார்கள், பூ அங்கேயே இருந்தது. முப்பது வருசம் இருந்தது. உலகத்து ஆராய்ச்சியாளர்கள் எல்லோரும் ஒரு வாசல் வழியாக உள்ளே போகப் பார்க்கிறார்கள். எங்கள் பெண்களில் எத்தனையோ பேருக்கு அந்த வாசல் பூட்டி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. கருவி மலைக்கு வந்து சேரும்போது யாராவது இதைக் கணக்கில் வைத்திருப்பார்களா? இதைக் கேட்கத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன்.

பெரியம்மா இரண்டு வருசம் இருந்தார். கார்போபிளாட்டின், பக்ளிடாக்சல் என்ற கீமோ மருந்துகள், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பஸ்ஸில் கண்டி. எண் 1,140லிருந்து 19க்கு இறங்கியது, அந்த ரிப்போர்ட்டை லமினேட் பண்ணித் தரச் சொன்னார். பிறகு 60, பிறகு 400. கடைசிக் காலத்தில் எண்ணைக் கேட்பதை நிறுத்திவிட்டார்.

2023ல் அவருடைய கடைசி மகள் பாப்பா, அந்த 1988ல் பிறந்தவள், மூன்றாவது பிள்ளைக்கு சிசேரியனுக்கு நாள் குறித்திருந்தாள். அதோடு எல்.ஆர்.டி.யும். அம்மாவுக்கு இந்த நோய் வந்ததால் பாப்பாவுக்கு பி.ஆர்.சி.ஏ. பார்க்க வேண்டும், இந்த வகைப் புற்றுநோய் வந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் போல அந்தக் கோளாறு உள்ளவர்கள். அதற்கான பணத்தைச் சேர்க்க இன்னும் நாளாகும். நான் லீவு போட்டுக் கிளினிக்குக்கு அவளோடு போனேன். வி.ஓ.ஜி. டொக்டரின் (மகப்பேற்று நிபுணரின்) மேசையில் கிளினிக் கொப்பிகள் மலையாகக் கிடந்தன, வெளியே எழுபது பேர். எனக்குக் கிடைத்தது ஒன்றரை நிமிசம்.

"டொக்டர், எப்படியும் வயிற்றைத் திறக்கிறீங்க. வெட்டிக் கட்டாமல் ரெண்டு குழாயையும் முழுசா எடுத்துட முடியுமா? அம்மாவுக்கு சீரஸ் கார்சினோமா."

அவர் தலையைத் தூக்கினார். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2010லிருந்து இதைத்தான் செய்யச் சொல்கிறார்கள். 2022ல் கணக்குப் பார்த்தார்கள். அப்படிக் குழாய் எடுத்த 25,889 பெண்களில் ஐந்து பேருக்காவது இந்த வகை வந்திருக்க வேண்டும், ஒருவருக்கும் வரவில்லை. சூலகம் அப்படியே இருக்கும், ஹோர்மோன் போகாது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அவருக்கு அது தேவைப்படவில்லை. "எடுக்கலாம். ஒட்டுதல் இல்லாவிட்டால் பிரச்சினை இல்லை. பத்து நிமிசம் கூடுதலாகும்," என்று கொப்பியில் எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் பாப்பா கேட்ட முதல் கேள்வி, "அக்கா, இதுக்கு லீவு கூட எடுக்கணுமா?"

"இல்ல. அதே லீவுதான்."

ஆபரேசனுக்கு முதல் நாள் சம்மதப் படிவம் வந்தது. சிங்களத்தில். தமிழ் ஃபோர்ம் இருக்கிறதா என்று கேட்டேன். மிஸ் முகத்தைச் சுளித்தார், அலுமாரியைத் திறந்தார், முதல் தட்டில் தேடினார், அடித்தட்டில் தேடினார். காற்பங்கு மஞ்சளடித்த ஒரு கட்டிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பாப்பா கட்டிலில் சாய்ந்துகொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தாள். ஒரு இடத்தில் விரலை வைத்து நிறுத்தினாள்.

"பலோப்பியன் குழாய். இதத்தான் அம்மாவுக்கு வெட்டுனாங்களா?"

"ஆமா. நடுவுல மட்டும்."

"நான் பொறந்தப்ப."

"ம்."

கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் பேனையைக் கேட்டு வாங்கி, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.